நடுவில் வரும் ஐந்து படங்கள்

கலிஃபோர்னியாவில் அந்தக் குடும்பத்துக்குச் சண்டை எழுதுகிறார்கள்.
புச்சொன் நகரில், நான்காவது மாடியில்,
நாங்கள் அதற்குக் கையும் வாயும் வரைகிறோம்.

ஒரு கோபத்தின் முதல் படமும் கடைசிப் படமும்
அங்கிருந்தே வந்துவிடும்.
ஓங்கிய கை. மேசைமேல் கை.
நடுவில் உள்ள ஐந்தும்தான் என் சம்பளம்.

இது மூன்றாவது சீசன்.
ஹேவர்கேம்ப் குடும்பம் வீட்டோடு கழன்று போய்
வியாழனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.
வங்கிக் கடன் எட்டுக் கால்களோடு, ஊதா நிறத்தில்,
தவணை தவறாமல் பின்னால் நீந்தி வருகிறது.
மூன்றாம் பகுதியில் அம்மா ஆறாகப் பிரிகிறாள்;
ஆறு பேரும் தனித்தனியாகக் களைத்துப்போகிறார்கள்.
மகளின் தலைமுடிக்குள் ஒரு சிற்றினம் குடியேறி
தேர்தலே நடத்தி முடிக்கிறது.
வீட்டில் யாரும் கவனிக்கவில்லை.
அப்பா செய்த கால இயந்திரம்
பதினொரு நிமிடம்தான் பின்னால் போகும்.
மன்னிப்புக் கேட்க வேண்டியதெல்லாம்
பன்னிரண்டு நிமிடத்துக்கு முன் நடந்தவை.

இங்கே சிரிப்பு வரும் என்று
தாளின் ஓரத்தில் சிவப்பில் எழுதியிருந்தது.
பக்கத்து மேசை பியோ கி-ஹுன்
பென்சில் சீவுவதை நிறுத்தினான்.
பிறகு மறுபடி சீவ ஆரம்பித்தான்.

எனக்கு ஆங்கிலம் தெரியாது, அதன் வாய்கள் தெரியும்.
மொத்தம் ஏழு.
மூடியது, ஈ என்று இழுப்பது, ஓ என்று குவிவது,
கீழுதட்டைப் பல் கடிப்பது, இப்படி.
வெளியே போ என்பதற்கு நான்கு வாய்.
மன்னித்துவிடு என்பதற்கு மூன்றே போதும்.
அந்த மூன்றை இந்தச் சீசனில்
இன்னும் யாரும் என்னிடம் கேட்கவில்லை.

ஏழாம் பகுதி. இரவுச் சாப்பாடு. புவியீர்ப்பு பழுது.
மசித்த உருளைக்கிழங்கு மேகம் மேகமாக மிதக்கிறது.
மகன் என்னவோ சொல்கிறான், ஐந்து வாய்.
அப்பாவின் கை ஓங்குகிறது: முதல் படம்.
கை மேசைமேல் இருக்கிறது: கடைசிப் படம்.
எந்த வழியாக இறங்கியது என்று
கலிஃபோர்னியா சொல்லவில்லை.
வேகமாக, என்று மட்டும் குறிப்பு.

எங்கள் வீட்டில் அது
என் தம்பியின் காது வழியாக இறங்கியது.
கிம்ச்சிக் கிண்ணம் மிதக்கவில்லை.
அங்கே புவியீர்ப்பு நன்றாகவே வேலை செய்தது.

இரவு பதினொன்றரை.
ஒளிப்பெட்டியின் சூட்டில் முழங்கை வேர்க்க,
மூன்றாவது படத்தில் அப்பாவின் கண்மணியை
அரை மில்லிமீட்டர் நகர்த்தினேன்.
இது யாருடைய கை என்பதுபோல்
தன் கையையே அவர் பார்க்கும்படி.
நான்காவதில் விரல்களைத் தளர்த்தினேன்.
ஐந்தாவதில், மிதந்து வந்த உருளைக்கிழங்கு ஒன்றை
அந்தக் கை பிடித்துக்கொண்டது.
மூன்றும் சேர்ந்து திரையில் கால் நொடி.

மேற்பார்வையாளர் மா தோக்-சூ
கட்டை விரலால் தாள்களைப் புரட்டினார். மறுபடி புரட்டினார்.
"இந்த உருளைக்கிழங்கு கணக்கில் இல்லையே?"
"மிதக்கிறதே, எங்கே வேண்டுமானாலும் போகும்."
கையெழுத்துப் போட்டார்.

பத்து நாள் கழித்து ஃபாக்ஸ் வந்தது:
தலைகளின் அளவு ஒத்துப்போகவில்லை,
நாயின் ஆறாவது காலைக் காணோம்.
உருளைக்கிழங்கைப் பற்றி ஒரு வரி இல்லை.

கடைசிப் பகுதியில் வீடு பூமிக்குத் திரும்புகிறது.
அதே மனை, ஆனால் திசை மாறி.
வாசலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்.
இருபது நொடி எல்லோரும் அதைப் பார்த்து நிற்கிறார்கள்.
அசையாத காட்சி, ஒரே படம்.
அதற்கு எங்களுக்குக் காசு கிடையாது.

அன்று இரவு தேகுவுக்கு போன் செய்தேன்.
"என்ன?" என்றான் தம்பி. ஒரு வாய்.
பிறகு ஒன்றுமில்லை.
தொழில் புத்தி போகுமா, எண்ணினேன்,
நொடிக்குப் பன்னிரண்டு படம்:
மூடிய வாய், மூடிய வாய், மூடிய வாய்.
நூற்றுப் பதினேழு வரை வந்தபோது
அந்தப் பக்கம்
தொலைக்காட்சியின் சத்தத்தை யாரோ குறைப்பது கேட்டது.